குளிசை போட்டால் முருகன் கோபிப்பானா?

கேள்வி: எனக்கு 56 வயது. கணவர் தவறிப் பத்து மாதம். யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தையில் மகனுடைய தொடர்மாடி வீட்டில் இருக்கிறேன். 12 வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெட்போர்மினும் கிளிக்லசைட்டும் போடுகிறேன். பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு. இங்கே வந்தபின் செவ்வாயும் வெள்ளியும் விரதம். இரவில் பழம் மட்டும்தான். விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், சில நாள் சட்டை நனைய வியர்த்திருக்கும். சாப்பாட்டில் மனமில்லை, கால் விறைக்கிறது. டொக்டர் மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின் எழுதித் தந்தார். வயிற்றைப் புரட்டியது, பத்து நாளில் விட்டுவிட்டேன். தெரிந்த ஒருவர் அது விசர்க் குளிசை என்றார். முருகனை நம்புகிற நான் அதைப் போடலாமா? இப்போது சந்நிதியில் நின்றாலும் கண்ணீர் வருவதில்லை, பதிகம் பாட வாய் எழவில்லை. அவனும் என்னைக் கைவிட்டானோ?

பதில்: அம்மா, கடைசி இரண்டு வரியிலிருந்தே தொடங்குகிறேன். சந்நிதியில் மனம் மரத்துப் போவது பக்தி குறைந்ததற்கு அடையாளம் இல்லை. மனச்சோர்வு என்ற நோய் செய்கிற வேலை அது. பேரப்பிள்ளை ஓடி வந்து கட்டிப்பிடித்தாலும் ஒன்றும் தோன்றாது, பிடித்த கறியும் மண்போல இருக்கும். சாப்பாட்டு ருசியை எடுத்துக்கொண்ட அதே நோய்தான் பதிகத்தின் ருசியையும் எடுத்துக்கொண்டது. இதைத் தெய்வக் குற்றம் என்று எண்ணி விரதத்தைக் கூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு இன்னும் தளரும், மனம் இன்னும் இருளும், அதையும் தங்கள் பாவக் கணக்கில்தான் எழுதுவார்கள்.

கணவரை இழந்த துக்கம் வேறு, இது வேறு. துக்கம் அலைபோல வரும், அடிக்கும், கொஞ்சம் விலகும். இடையில் அவருடைய பகிடி ஒன்றை நினைத்துச் சிரிக்கவும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், நாள் முழுக்க மனம் கனத்து, சாப்பாடும் நித்திரையும் கெட்டிருந்தால் அதற்கு வைத்தியம் வேண்டும்.

உங்களுக்கு வேறு இரண்டு காரணமும் சேர்ந்திருக்கலாம். ஒன்று, அந்த வியர்வை. சட்டை நனைந்த இரவுகள் செவ்வாயும் வெள்ளியுமா என்று யோசித்துப் பாருங்கள். கிளிக்லசைட் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். பழத்தோடு படுத்தால் நடுச்சாமத்தில் சீனி விழுந்து வியர்வை, படபடப்பு, கைநடுக்கம் வரும். அடுத்தமுறை விழிப்பு வந்தவுடன் விரலில் குத்தி மீற்றரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். அதைச் செய்ய மகனையும் எழுப்புங்கள், நித்திரையைக் குழப்புகிறோமே என்று பார்க்க வேண்டாம். மற்றது, வைட்டமின் பி12. பல வருட மெட்போர்மின் அதைக் குறைக்கும், சைவச் சாப்பாட்டிலும் அது குறைவு. கால் விறைப்பும் களைப்பும் மனச்சோர்வும் அதாலும் வரும். இரத்தத்தில் பி12, தைரொயிட், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவு இருந்தால் ஊசியாலோ குளிசையாலோ நிரப்பலாம்.

டொக்டரோடு பேசும்வரை விரதத்தை நிறுத்தி வையுங்கள். பிறகு எப்படிப் பிடிப்பது, அன்று எந்தக் குளிசையை எவ்வளவு போடுவது என்று அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். கிளிக்லசைட்டை நீங்களாக விடவும் கூடாது, பட்டினியோடு போடவும் கூடாது. நோன்பு தொடங்குமுன்னே வந்து குளிசை நேரத்தை மாற்றிக்கொண்டு போகிற முஸ்லிம் நோயாளர்கள் எனக்கு இருக்கிறார்கள். அது நல்ல பழக்கம். கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி கிடக்கும் எண்ணம் இருந்தால் நீங்களும் அப்படியே முன்கூட்டிப் போங்கள்.

செர்ட்ரலினுக்கு வருகிறேன். அது விசர்க் குளிசை இல்லை. அந்தச் சொல்லால் எத்தனை பேர் வருத்தத்தோடு வீட்டுக்குள் முடங்கினார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அது எனக்குக் கோபம் வரவழைக்கிற சொல். பழக்கத்துக்கு அடிமையாக்குகிற மருந்தும் இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று வரலாம். வயிற்றுப் புரட்டல் முதல் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குறையும். பலன் தெரிய இரண்டு தொடக்கம் நான்கு வாரம் எடுக்கும், முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரமும் ஆகலாம். பத்து நாளில் நிறுத்தியவருக்கு உபத்திரவம் மட்டும்தான் கிடைத்திருக்கும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மிச்சம் இருக்கிற குளிசையை எடுத்து நீங்களாகத் தொடங்காமல் அதே டொக்டரிடம் போய், விட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தொடங்குகிற நாட்களில் சீனியையும் அடிக்கடி பாருங்கள்.

என்னிடம் வருகிற ஒரு அம்மா, குசினி அலுமாரியின் மேல்தட்டில்தான் சாமிப் படம் வைத்திருக்கிறார். தொடர்மாடியில் வேறு இடம் ஏது? திருநீற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் குளிசை அட்டை. விளக்கேற்றி, திருநீறு பூசி, இடியப்பம் இரண்டு சாப்பிட்டு, திரும்ப அந்தத் தட்டுக்கே வந்து குளிசையை எடுப்பார். ஒருநாள்கூட மறந்ததில்லை என்றார்.

உங்கள் முருகனை விடச் சொல்ல நான் ஆளில்லை. இந்தப் பத்து மாதமும் உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பிடிதான். யாழ்ப்பாணத்தில் அது உடம்புக்கும் மருந்தாக இருந்தது: விடியக் கிணற்றடிக் குளிப்பு, முற்றத்து வெயில், பூப்பறிக்க நடை, வேலியடியில் நாலு சொல். இங்கே பூ காலி வீதிக் கடையில் பொலித்தீன் பையில் வருகிறது, கும்பிடுவது கதவைச் சாத்திக்கொண்டு. ஆகவே கோயிலுக்கு நடந்து போங்கள். மயூராபதி அம்மனோ, பம்பலப்பிட்டிக் கதிரேசனோ, எது கிட்டவோ அது. மருமகளையோ பக்கத்து வீட்டாரையோ கூட்டிக்கொண்டு வெயில் ஏறுமுன் போய் வாருங்கள். கூட்டுப் பிரார்த்தனையில் வாய் எழாவிட்டால் சும்மா இருந்து கேளுங்கள். தாலி இழந்தவள் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று யாரும் சொன்னால் காதில் போடாதீர்கள்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்: அவர் போன இடத்துக்கே போய்விட்டால் நல்லது என்று நினைப்பு வருகிறதா? வந்தால் அன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். அந்தரமென்றால் 1990 அம்புலன்ஸ், அல்லது நேரே ஆஸ்பத்திரி.

ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அந்தக் கிழமை எப்படியும் கனக்கும். அன்றிரவு உங்கள் அறையில் யாராவது படுக்க வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பி12 முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.