மர்தானாவை பசிக்காரரா மட்டும் பாக்காதீங்க

வணக்கம் அண்ணா,

உங்க சைட்ட ரெகுலரா படிக்கறவன், எழுதறது இதான் ஃபர்ஸ்ட் டைம். கூட வேலை பாக்கற ஒரு சர்தார் ஃப்ரெண்ட் குருநானக் ஜெயந்திக்கு குருத்வாராவுக்கு கூட்டிட்டு போனாரு. லங்கர்ல சாப்பிட்டு வெளிய வர்றப்போ ஒரு படம் பாத்தேன். நடுவுல குருநானக், ஒரு பக்கம் சாமரம் வீசிட்டு ஒருத்தர், இன்னொரு பக்கம் தந்தி வாத்தியத்தோட ஒரு வயசானவர். "வாசிக்கறவர் பாய் மர்தானா, முஸ்லிம்"னு ஃப்ரெண்ட் சொன்னாரு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா எல்லா கதையும் ஒரே மாதிரிதான் இருக்கு. மர்தானாவுக்கு பசிக்கும், தாகம் எடுக்கும், எங்கயாவது போய் மாட்டிப்பாரு, குரு வந்து காப்பாத்துவாரு. அவ்ளோதானா இவரு? கூடவே நடந்த எடுபிடியா? ஒரு முஸ்லிமுக்கு சீக்கியத்துல உண்மையில என்ன இடம்? இப்பவும் முஸ்லிம்கள் குருத்வாராவுல பாடறாங்களா?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

எடுபிடி இல்ல. குருநானக்குக்கு அடுத்து அந்த மரபுல முதல்ல சொல்ல வேண்டிய பேரு மர்தானாவோடதுதான்னு நான் நினைக்கறேன். ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா நீங்க கேட்ட கடைசி கேள்விக்கு பதில் வருத்தமானது, முன்கதை தெரியாம அந்த வருத்தம் புரியாது.

மர்தானா 1459ல பொறந்தவர்னு மரபு சொல்லுது, நானக் 1469, அதாவது பத்து வயசு மூத்தவர். ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு, தல்வண்டி, இன்னிக்கு பாகிஸ்தான்ல நன்கானா சாஹிப்னு இருக்கே அதுதான். நானக்கோட அப்பா ஊர்க் கணக்கு பாக்கற பட்வாரி, கத்ரி சாதி. மர்தானா மிராசி. மிராசின்னா அடுத்தவங்க வீட்டு கல்யாணத்துலயும் விசேஷத்துலயும் போய் அந்த வீட்டு வம்சாவளிய பாடி, குடுக்கறத வாங்கிட்டு வர்ற முஸ்லிம் பாட்டுக்காரக் குடும்பம். ஊருக்கு அவங்க பாட்டு வேணும், ஆனா மரியாதை வாசலோட சரி. அப்படி வாசல்ல நின்னு பாட வேண்டிய ஒருத்தரை கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் பக்கத்துல உக்கார வச்சு, அப்புறம் வருஷக்கணக்கா பஞ்சாப்ல இருந்து அஸ்ஸாம், மெக்கா, பாக்தாத் வரைக்கும் கூடவே கூட்டிட்டு நடந்தாருன்னா அது சின்ன விஷயமா? பாய் குர்தாஸ்னு ஒரு பெரியவர் (இந்த "பாய்" சீக்கியத்துல ஒரு மரியாதைப் பட்டம்), சீக்கியர்களோட புனித நூலான ஆதி கிரந்தத்தை அஞ்சாவது குரு அர்ஜன் சொல்லச் சொல்ல கைப்பட எழுதினவர், அவரோட முதல் வார்ல (வார்னா நீளமான கதைப்பாட்டு) பாக்தாத் பயணத்தைப் பாடறப்போ ஒருத்தர் பாபா, அதாவது நானக், இன்னொருத்தர் ரபாபி மர்தானான்னு (ரபாப்ங்கறது நீங்க படத்துல பாத்த தந்தி வாத்தியம், அத வாசிக்கறவர் ரபாபி) ரெண்டே பேரைத்தான் சொல்றாரு. சீடர் கூட்டம், பரிவாரம்னு எதுவும் அதுல இல்ல.

நீங்க பாத்த படத்துல சாமரம் வீசறவர் பாய் பாலா. பாலா பேர்ல ஒரு ஜனம்சாகியே இருக்கு (ஜனம்சாகின்னா நானக் வாழ்க்கைக் கதைகள்), அது ரொம்ப பாப்புலரும் கூட. ஆனா பாய் குர்தாஸ் நானக்கோட முக்கியமான சீக்கியர்கள வரிசையா சொல்ற இடத்துல பாலா பேரு இல்ல, பழைய புராதன் ஜனம்சாகியிலயும் இல்ல, அதனால ஆராய்ச்சியாளர்கள் நிறைய பேரு அவரை வரலாற்று மனுஷரா ஏத்துக்கறதில்ல. மர்தானா விஷயத்துல அந்த சந்தேகமே யாருக்கும் கிடையாது.

இப்ப அந்த பசிக்கு வருவோம். ஆமா, கதைகள்ல அவருக்கு பசிச்சுட்டேதான் இருக்கு. உத்தராகண்ட்ல ரீட்டா சாஹிப்னு ஒரு குருத்வாரா, அங்க பசின்னு மர்தானா சொன்னதும் பூந்திக்கொட்டைய பறிச்சு சாப்பிடச் சொன்னாராம் நானக், கசக்க வேண்டியது இனிச்சுதாம். இப்ப பாகிஸ்தான்ல இருக்கற ஹசன் அப்தால்ல தாகம், மலை மேல ஊத்து வச்சிருந்த வலி கந்தாரிங்கற ஃபக்கீர்கிட்ட மூணு தடவை ஏறிப் போய் கேட்டும் தண்ணி தரல, நானக் கீழயே ஒரு கல்லைப் பெயர்க்க ஊத்து வந்துது, கோவத்துல அந்தாளு உருட்டி விட்ட பாறைய கையால தடுத்தாரு, கை பதிஞ்ச அந்தக் கல்லுதான் பஞ்சா சாஹிப். காமரூபத்துல மந்திரக்காரி ஒருத்தி இவரை ஆட்டுக்கடாவா மாத்திட்டா, கௌடான்னு ஒரு நரமாமிசம் தின்றவன் இவரைப் பிடிச்சு கொதிக்கற எண்ணெயில போடப் பாத்தான், இப்படிப் போயிட்டே இருக்கும்.

இதெல்லாம் படிச்சு நீங்க எடுபிடின்னு நினைச்சீங்க. எனக்கு இது வேற மாதிரி தெரியுது. அந்தக் கதைகள்ல நானக்குக்கு பசிக்கறதே இல்ல, பயம் கிடையாது, வீட்டு ஞாபகம் வர்றதில்ல. அதையெல்லாம் மர்தானாதான் சுமக்கறாரு. பசின்னு வாய்விட்டு சொல்ல ஒருத்தர் இல்லன்னா அந்தக் கதைகளுக்குள்ள நம்மள மாதிரி ஆளுங்களுக்கு உள்ள போக வழியே இல்ல. அதோட கேள்வி கேக்கறதும் அவருதான். ஒரு ஊர்ல மரியாதை இல்லாம நடத்தினாங்க, நானக் "இந்த ஊரு இப்படியே நிலைச்சிருக்கட்டும்"னு சொல்லிட்டு போறாரு. அடுத்த ஊர்ல அப்படி உபசரிச்சாங்க, "இந்த ஊரு சிதறிப் போகட்டும்"ங்கறாரு. இது என்ன நியாயம்னு மர்தானா கேக்கறாரு. கேட்டதாலதான் பதில் வருது, கெட்டவங்க ஒரே இடத்துல கிடக்கட்டும், நல்லவங்க போற இடத்துல எல்லாம் நாலு பேர நல்லவங்களா ஆக்குவாங்கன்னு. குருவை நேருக்கு நேரா நியாயம் கேக்கற உரிமை எடுபிடிக்கு யாரு குடுப்பா?

பஞ்சா சாஹிப் பத்தி இன்னொன்னும் சொல்லணும், இது கதை இல்ல, வரலாறு. 1922 அக்டோபர், குருத்வாராக்கள மீட்க நடந்த குரு கா பாக் போராட்டத்துல கைதான சீக்கியர்கள பிரிட்டிஷ்காரங்க ரயில்ல ஏத்தி அட்டக் பக்கம் கொண்டு போறாங்க. வழியில ஹசன் அப்தால்ல கைதிகளுக்கு சாப்பாடு குடுக்கணும்னு ஊர் சீக்கியர்கள் கேட்டாங்க, ரயில் நிக்காதுன்னுட்டாரு ஸ்டேஷன் மாஸ்டர். தண்டவாளத்துல போய் உக்காந்துட்டாங்க. ரயில் நின்னுது, ஆனா பாய் கரம் சிங், பாய் பர்தாப் சிங் ரெண்டு பேரு மேல ஏறினப்புறம்தான் நின்னுது. ரெண்டு பேரும் செத்துப் போனாங்க, கைதிகளுக்கு சாப்பாடு போய்ச் சேந்துது. மர்தானாவோட தாகத்தை குரு பொருட்படுத்தின அதே ஊர்ல, முகம் தெரியாத கைதிங்க பட்டினியா போகக்கூடாதுன்னு உயிரைக் குடுத்திருக்காங்க. கதைகள்ல பசிக்கு என்ன மதிப்புன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

எனக்கு எல்லாத்துலயும் மேல பிடிச்சது சைத்பூர் கதை. 1520கள்ல பாபர் படை சைத்பூரை (இன்னிக்கு எமினாபாத்) சூறையாடுது, நானக்கும் மர்தானாவும் கைதி ஆயிடறாங்க. புராதன் ஜனம்சாகி சொல்றபடி நானக் தலையில ஒரு மூட்டைய ஏத்திட்டாங்க, மர்தானா கையில ஒரு குதிரையைக் குடுத்து இழுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. சுத்திலும் பொணம், பொம்பளைங்க அழுகை. அப்ப நானக் சொல்றாரு, மர்தானா, ரபாப் வாசி. அதுக்கு அவரு, குதிரை கையில இருக்கேங்கறாரு. நானக் சொல்றாரு, குதிரைய விட்டுடு, பாணி வருது.

இதுல பாணின்னா இறைவன்கிட்ட இருந்து இறங்கற பாட்டு, சீக்கியர்கள் அப்படித்தான் நம்பறாங்க. அதுக்கு தந்தி மீட்டணும், மீட்டறதுக்கு மர்தானா கை வேணும், அந்தக் கை சிப்பாயோட குதிரையப் பிடிச்சுட்டிருக்கு. விட்டா தலை போகலாம். விட்டாரு, குதிரை அதுபாட்டுக்கு பின்னாலயே வந்துதுன்னு கதை போகுது. அந்தப் படையெடுப்பைப் பத்தி நானக் பாடின பாட்டுகள் பாபர்வாணின்னு கிரந்தத்துல இருக்கு. அதுல ஆசா ராகத்துல ஒரு பாட்டுல, இவ்ளோ அடி விழுந்து ஜனங்க கதறினாங்களே, உனக்கு வலிக்கலையான்னு கடவுளைப் பாத்தே கேக்கறாரு. அந்தக் கேள்விய படிக்கறப்போ எல்லாம் கூட வாசிச்சுட்டு நின்னவர் ஞாபகம் எனக்கு வரும். அவரும்தானே அதே பொணங்களைப் பாத்தாரு.

1604ல தொகுத்த ஆதி கிரந்தத்தோட அடுக்கே ராகத்தை வச்சுத்தான். இப்ப இருக்கற 1430 பக்கத்துல பெரும்பகுதி 31 ராகங்கள்ல பிரிஞ்சிருக்கு. வேதப் புத்தகத்தை பாடற முறைப்படி அடுக்கியிருக்காங்கன்னா அதோட வேர் இந்த ரபாப்லதான் இருக்கு. அதுமட்டுமில்ல, 553ம் பக்கத்துல பிகாக்டா ராக வார்ல மர்தானா பேரைத் தலைப்புல போட்டே சலோக்குகள், அதாவது சின்னச் சின்ன செய்யுள்கள், இருக்கு. கலியுகம்தான் சாராயப் பானை, காமம்தான் சாராயம், மனசுதான் குடிகாரன்னு ஆரம்பிக்கும். அது அவரே எழுதினதா இல்ல அவரைப் பாத்து நானக் பாடினதான்னு அறிஞர்கள் மத்தியில ரெண்டு கருத்து இருக்கு. எதுவா இருந்தாலும் சீக்கியர்கள் இன்னிக்கு தலைவணங்கற கிரந்தத்துக்குள்ள ஒரு மிராசியோட பேரு இருக்கு.

அவரோட சாவு பத்தியும் ஒரு கதை உண்டு. உடம்பை என்ன செய்யட்டும், ஒரு கல்லறை கட்டி உன் பேரை உலகம் பூரா தெரிய வைக்கட்டுமான்னு நானக் கேட்டாராம். உடம்புங்கற கல்லறையில இருந்தே இப்பதான் வெளிய வரப் போறேன், மறுபடி கல்லுக்குள்ள ஏன் பூட்டறீங்கன்னாராம் மர்தானா. அவருக்கப்புறம் பையன் ஷாஜாதா ரபாப் எடுத்தாரு.

அங்க ஆரம்பிச்சதுதான் ரபாபி பரம்பரை. முஸ்லிம் பாட்டுக்காரங்க, ஆனா "பாய்"னு மரியாதையா கூப்பிடப்பட்டவங்க. குரு அர்ஜன் காலத்து சத்தா, பல்வந்த்னு ரெண்டு பேரு, வீட்டுக் கல்யாணத்துக்கு காணிக்கை கம்மியா வந்துதுன்னு கோச்சுட்டு, எங்க பாட்டாலதான் உங்களுக்கு பேருன்னு சொல்லி பாட மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. குரு அசரல, சீக்கியர்களையே பாடச் சொல்லிட்டாரு. அப்புறம் லாகூர் பாய் லத்தா இவங்களுக்காக முகத்துல கரி பூசி கழுதை மேல ஏறி வந்து மன்னிப்பு வாங்கிக் குடுத்தாரு. இவ்ளோ சண்டைக்கு அப்புறமும் அவங்க பாடின வார் ராம்கலி ராகத்துல கிரந்தத்துக்குள்ள இருக்கு பாருங்க, அந்த மனசைத்தான் நான் பெருசா நினைக்கறேன்.

இந்த ரபாபிகள் அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாஹிப்ல, அதாவது பொற்கோயில்ல, 1947 வரைக்கும் பாடிட்டு இருந்தாங்க. பிரிவினையில அமிர்தசரஸ் முஸ்லிம்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதாச்சு, இவங்களும் போனாங்க. அங்க இருந்த சீக்கியர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வந்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, வாழ்க்கை பூரா குர்பாணி, அதாவது குருக்களோட பாட்டு, மட்டுமே பாடத் தெரிஞ்ச குடும்பம், கேக்கறதுக்கு ஒரு ஆளும் இல்லாத ஊர்ல. சில பேரு கவ்வாலிக்கு போனாங்க, நிறைய பேரு வேற பொழப்பு தேடிட்டாங்க, அவங்க கூடவே எத்தனையோ பழைய மெட்டுகள் போயிடுச்சு.

பிரிவினைய மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. 1945ல இறுதியான சீக்கிய ரெஹத் மரியாதாங்கற நடத்தை விதித் தொகுப்பு, குருத்வாராவுல கூடற பக்தர்கள் முன்னால கீர்த்தன் பாடறது சீக்கியர் மட்டும்தான்னு சொல்லுது. தங்களோட அடையாளம் கரைஞ்சுடுமோன்னு பயந்த காலத்துல போட்ட விதி, அந்தப் பயம் எனக்கு புரியுது, குருத்வாராக்கள மீட்க அவங்க குடுத்த விலையும் தெரியும். ஆனாலும் மர்தானா வழி வந்தவங்களுக்கு அந்தக் கதவு மூடினது தப்புன்னுதான் எனக்கு தோணுது. சீக்கியர்கள்லயே இதைச் சொல்றவங்க இருக்காங்க. ஆக உங்க கேள்விக்கு பதில், ஹர்மந்திர் சாஹிப்ல முறைப்படி ரபாபிகள் பாடறது இப்ப கிடையாது. வாத்தியமாவது திரும்புதேன்னு சந்தோஷப்படலாம், 2022ல சீக்கியர்களோட உயர்ந்த மத பீடமான அகால் தக்தோட தலைவர் (ஜதேதார்), ஹார்மோனியத்தை படிப்படியா குறைச்சு ரபாப், தாவுஸ், தில்ருபா மாதிரி தந்தி வாத்தியங்களைக் கொண்டு வரணும்னு சொன்னாரு.

லாகூர்ல வாழ்ந்த ரபாபி பாய் குலாம் முகமது சாந்த் பாடின பதிவுகள் யூடியூப்ல இருக்கு, கேளுங்க. சவுண்டு சுமாராத்தான் இருக்கும், ஆனா பரம்பரையா காதால கேட்டு வந்த பாடற முறை அதுல இருக்கு. அடுத்த தடவை குருத்வாராவுக்கு போறதா இருந்தா ஃப்ரெண்டுகிட்ட சொல்லி விடிகாலைல ஆசா தி வார்ங்கற காலைப் பாட்டு பாடற நேரத்துக்கு போங்க, லங்கர் டைமுக்கு மட்டும் போகாதீங்க. சைத்பூர்ல பாடினாங்களே, அதே ஆசா ராகம்தான்.