மூன்று நோடுகளையும் (டேட்டாபேஸ் ஓடும் கணினிகள்) தனித்தனியாக ஒரே நேரத்துக்கு ரீஸ்டோர் செய்யலாமா?

கேள்வி இதுதான்: 10:42-க்கு யாரோ எந்த வரிகள் என்று சொல்லும் WHERE கண்டிஷன் இல்லாமல் டெலீட் ஓட்டிவிட்டார், டேபிளின் எல்லா வரிகளும் அழிந்தன. டேட்டா மூன்று நோடுகளில் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி பேக்கப் உண்டு. மூன்றையும் 10:41-க்குக் கொண்டுபோனால் போதுமா?

போதாது. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு அவசர வேலை: பழைய வெர்ஷன்களைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்ஷனின் கெடுவை இப்போதே நீட்டுங்கள். பல நோடுகளில் பரவி ஓடும் டேட்டாபேஸ்களில் ஒன்றான டைடிபியில் (TiDB) அந்தக் கெடு இயல்பாக 10 நிமிடம்தான். கூகுளின் ஸ்பேனரில் (Spanner) 1 மணி நேரம், அதிகபட்சம் 7 நாள். துடைத்தது துடைத்ததுதான், பிறகு கெடுவை எவ்வளவு நீட்டினாலும் திரும்பாது.

இப்போது காரணம். நோடு அ-வின் கடிகாரம் 200 மில்லிசெகண்ட் முந்தி ஓடுகிறது என்று வையுங்கள். அ-வில் பற்று, ஆ-வில் வரவு, இரண்டும் ஒரே டிரான்சாக்ஷன். அ அதை 10:41:00.200 என்று குறிக்கும், ஆ 10:41:00.000 என்று. இரண்டையும் 10:41:00.100-க்கு ரீஸ்டோர் செய்தால் பற்று காணாமல் போய் வரவு மட்டும் நிற்கும். எர்ரர் எதுவும் வராது, கணக்குதான் உதைக்கும். அதனால்தான் போஸ்ட்கிரெஸை பல நோடுகளில் ஓட்டும் சைட்டஸில் (Citus) டேட்டா எழுதுவதைச் சற்று நிறுத்திவைத்து எல்லா நோடுகளிலும் ஒரே பெயரில் ரீஸ்டோர் பாயின்ட் (திரும்பிப்போக ஒரு அடையாளம்) போடும் வசதி இருக்கிறது. கக்ரோச்டிபி (CockroachDB), டைடிபி, ஸ்பேனர் போன்றவற்றில் ஒவ்வொரு டிரான்சாக்ஷனும் உறுதியாகும்போது டேட்டாபேஸே கொடுக்கும் நேரக்குறி, அதாவது கமிட் டைம்ஸ்டாம்ப், கிளஸ்டர் (நோடுகளின் கூட்டம்) முழுவதற்கும் பொது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக முழு கிளஸ்டரையும் பின்னுக்குத் தள்ளாதீர்கள். 10:42-க்குப் பிறகு வந்த நல்ல ஆர்டர்களும் சேர்ந்தே போய்விடும். கக்ரோச்டிபியில் 'ஆஸ் ஆஃப் சிஸ்டம் டைம்' (AS OF SYSTEM TIME) சேர்த்து செலக்ட் ஓட்டினால் அந்த நேரத்து வரிகள் அப்படியே வரும்; டைடிபியில் உங்கள் செஷனுக்கு மட்டும் ஸ்னாப்ஷாட் நேரம் வைத்து பழைய நிலையைப் படிக்கலாம். வந்ததை முதலில் தனி டேபிளில் இறக்குங்கள்.

சரியான நொடி தெரியவில்லையா? இதே வழியில் வரிகளை எண்ணிப் பாருங்கள்: 10:41:30-ல் ஒரு கவுண்ட், 10:42:30-ல் ஒரு கவுண்ட், பிறகு இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்குங்கள். சில முறையிலேயே மாட்டும். ஆப் லாக் உள்ளூர் நேரத்தில், டேட்டாபேஸ் யுடிசியில் இருக்கலாம். பதற்றத்தில் எல்லோரும் கோட்டை விடும் இடம் அது.

கெடு தாண்டிவிட்டதென்றால் முழு பேக்கப்பும் அதன் மேல் லாக் பேக்கப்பும் (அதன் பிறகு நடந்த மாற்றங்களின் பதிவு)தான் வழி. டைடிபியில் இது 6.2 பதிப்பிலிருந்து உண்டு. அதைப் புது கிளஸ்டரில் செய்து, வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து வாருங்கள். அமேசானின் டைனமோடிபி (DynamoDB) எப்போதும் புது டேபிளாகத்தான் மீட்டுத் தரும். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடிக்கும்.

வரிகளைத் திரும்பச் செருகும்போது கேஸ்கேடில், அதாவது மூல வரி அழிந்ததும் தானாகச் சேர்ந்து, அழிந்த சைல்டு டேபிள் வரிகளையும் அதே டைம்ஸ்டாம்பில் எடுங்கள். கேஷும் (cache, தற்காலிக நகல்) தேடல் இண்டெக்ஸும் இந்த மீட்பைத் தாமாக அறியாது, அவற்றைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும்.