33 வயதில் இணை மாறலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. அலுவலகப் பணிக்கு இடையே, பதினொரு ஆண்டுகளாக ஒரே நண்பருடன் மாவட்ட அளவிலான பாட்மின்டன் போட்டிகளில் இரட்டையர் ஆடி வந்தேன். மூன்று முறை இறுதிப் போட்டி வரை சென்று தோற்றோம். இப்போது முழங்கால் வலி காரணமாக நண்பர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். கிளப்பில் உள்ள 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவருடன் சேர்ந்து ஆடும்படி சொல்கிறார்கள். அவர் இடக்கை ஆட்டக்காரர். ஜப்பானின் ஹிரோயுகி எண்டோ என் வயதில்தான் இளைஞர் ஒருவருடன் சேர்ந்து ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார் என்று நண்பர்கள் ஊக்கப்படுத்துகிறார்கள். அவரை நான் உதாரணமாகக் கொள்ளலாமா, அல்லது இத்துடன் விலகிவிடுவதுதான் மரியாதையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் அதில் மூன்று ஆண்டுகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. எண்டோ பிறந்தது 1986 டிசம்பரில். 2020 மார்ச்சில் பர்மிங்காமில் நடந்த ஆல் இங்கிலாந்து போட்டியில் அவர் பட்டம் வென்றபோது வயது 33 என்பது சரி. ஆனால் அந்த இளைஞரான யூட்டா வதனாபேயுடன் அவர் இணைந்தது 2016 ரியோ ஒலிம்பிக் முடிந்த பின், ஏறத்தாழ 30 வயதில். இடைப்பட்ட காலத்தை அந்த இருவரும் சேர்ந்து கற்பதில் செலவிட்டார்கள். நீங்கள் இன்று நிற்பது, எண்டோ பட்டம் வென்ற நாளில் அல்ல, இணை மாறிய நாளில்.

அதற்கு முன் அவருடைய இணை கெனிச்சி ஹயகாவா. நீங்கள் மூன்று இறுதித் தோல்விகளைக் குறிப்பிட்டிருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆல் இங்கிலாந்து இறுதியில் இவர்களும் மூன்று முறைதான் தோற்றார்கள். 2013-இல் சீனாவின் லியு சியாலோங் - கியூ சிஹான் இணையிடம் 21-11, 21-9 என்று தோற்றது, பார்த்தவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கும். மறு ஆண்டு இந்தோனேசியாவின் அசான் - செதியவான் இணையிடம் இரண்டு கேம்களிலும் 21-19. 2016-இல் ரஷ்யாவின் இவனோவ் - சோசோனோவ் இணைக்கு எதிராக முதல் கேமை 23-21 என்று கைப்பற்றிய பிறகும், அடுத்த இரண்டு கேம்களை விட்டுக்கொடுத்தார்கள். இதை ராசியில்லாத இணை என்று பேசுவது எளிது. நம்மூர்க் கிளப்புகளில் நிச்சயம் அப்படித்தான் பேசியிருப்பார்கள். ஆனால் எதிரணி மூன்று முறையும் வேறு, தோற்ற விதமும் வேறு, ஒவ்வொரு முறையும் வெற்றி இன்னும் சற்று அருகில் வந்திருக்கிறது. அதே இணைதான் 2014-இல் டெல்லியில் நடந்த, ஆண்கள் தேசிய அணிகளுக்கான தாமஸ் கோப்பை இறுதியில், மலேசியாவின் லீ சோங் வெய் முதல் ஆட்டத்தை வென்ற பின், இரண்டாவது ஆட்டத்தை வென்று சமன் செய்தது. அந்தக் கோப்பையை ஜப்பான் 3-2 என்று முதன்முறையாக வென்றது. 2015 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் உண்டு. ஆகவே உங்கள் பதினொரு ஆண்டுகளையும் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் நண்பரின் காதில் விழும்படி ஒருபோதும் எழுதாதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒரு விவரத்துக்கு வருகிறேன். அந்த மாணவர் இடக்கை ஆட்டக்காரர் என்கிறீர்கள். உங்கள் வயதைக் காட்டிலும் இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். எண்டோ வலக்கை ஆட்டக்காரர். ஹயகாவா இடக்கை, வதனாபேயும் இடக்கை. அதாவது இணை மாறியபோதும் எண்டோவின் கை அறிந்திருந்த கோர்ட் பெரிதாக மாறவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தடுத்தாடும்போது, வலக்கைக்காரர் இடப்பக்கத்திலும் இடக்கைக்காரர் வலப்பக்கத்திலும் இருந்தால், இருவரின் ஃபோர்ஹேண்டும் நடுவில் சந்திக்கின்றன. பக்கம் மாறி நின்றால் இருவரின் பேக்ஹேண்டும் நடுவில் வந்து சேருகின்றன. இரண்டு வலக்கைக்காரர்கள் ஆடும்போது இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் நடுவில் எப்போதும் ஒருவரின் ஃபோர்ஹேண்டும் மற்றவரின் பேக்ஹேண்டும்தான் இருக்கும். உங்கள் பழைய நண்பர் வலக்கைக்காரர் என்றால், நடுவில் வரும் ஷட்டிலை யார் எடுப்பது என்று பதினொரு ஆண்டுகளாக உங்கள் உடம்பு பழகியிருக்கும் கணக்கைக் கலைத்து மீண்டும் போட வேண்டியிருக்கும். மட்டைகள் மோதிக்கொள்ளும், இருவருமே விட்டுவிட்ட ஷட்டில் நடுவில் விழும், முதல் சில மாதங்களுக்கு அது வயதின் கோளாறு போலவே தோன்றும். அது வயதின் கோளாறு அல்ல.

எண்டோவும் வதனாபேயும் அந்தக் கட்டத்தைத் தாண்டியபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு மதிப்பெண் போதும். 2019 ஆசிய சாம்பியன்ஷிப் இறுதியில் இந்தோனேசியாவின் கிடியோன் - சுகமுல்ஜோ இணையை, அன்றைய உலகின் முதல்நிலை இணையை, 21-18, 21-3 என்று வென்றார்கள். மூன்று புள்ளிகள்! மறு ஆண்டு ஆல் இங்கிலாந்து இறுதியில் அதே எதிரணியைச் சந்தித்தபோது மூன்றாவது கேம் 21-19 வரை சென்றது. ஹயகாவாவுடன் 2014-இல் இரண்டு முறை எட்டிப்பிடிக்க முடியாமல் போன அதே எண்தான், இந்த முறை எண்டோவின் பக்கம் நின்றது. 2021-இல் சக நாட்டினரான கமுரா - சோனோடா இணையை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்கள். பயண விமானத்தில் ஏற்பட்ட கொரோனா தொற்று விவகாரத்தால் இந்தோனேசிய அணி அந்த ஆண்டு பாதியில் விலக நேர்ந்ததையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த 2021 இறுதி நாளில் வதனாபே அரிசா ஹிகாஷினோவுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றார். எண்டோவின் இணை எண்டோவுக்கு மட்டுமே உரியவராக ஒருபோதும் இருந்ததில்லை. பன்னிரண்டு வயதுக்குச் சமீபமான இடைவெளி உள்ள இணைகளில் மூத்தவர் மறந்துவிடுவது இதைத்தான். உங்களுக்கு இது மிச்சமிருக்கும் வாய்ப்பு. அந்த மாணவருக்கோ பல வாய்ப்புகளில் ஒன்று. அவருக்குத் தேர்வுகள் வரும், வேறு ஊரில் வேலை கிடைக்கும், ஒற்றையர் ஆட்டத்தில் ஆசை பிறக்கும். அதைக் குறையாக எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்த இணை வேண்டாம்.

எண்டோவை முழு உதாரணமாகக் கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் நிஹோன் யுனிசிஸ் நிறுவன அணியின் ஆட்டக்காரராக இருந்தார். ஜப்பானில் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இப்படி நிறுவன அணிகளில் இருந்துகொண்டு பயிற்சி பெறுகிறார்கள். அவருக்குப் பயிற்சியே பணியாக இருந்தது. உங்களுக்குப் பணி முடிந்த பிறகுதான் பயிற்சி. அத்தனை வசதி இருந்தும், சொந்த மண்ணில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதியிலேயே தைவானின் லீ யாங் - வாங் சி-லின் இணையிடம் நேர் கேம்களில் தோற்று, ஒலிம்பிக் பதக்கம் இல்லாமலே அந்த ஆண்டு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். அதே ஒலிம்பிக்கில் வதனாபே கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றார்.

விலகுவதுதான் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முழங்கால், தோள்பட்டை இரண்டையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஓர் ஆண்டுக்குப் பட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த மாணவரின் தேர்வு அட்டவணையைக் கேட்டு, அதற்கேற்பப் போட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரு மாலையை, ஆட்டமே ஆடாமல், எதிரில் இருவரை நிறுத்தி நடுக்கோட்டை நோக்கி மட்டும் ஸ்மாஷ் அடிக்கச் சொல்லித் தடுத்தாடுவதற்கு ஒதுக்குங்கள். அந்த இருவரில் ஒருவராக, முழங்காலுக்குச் சிரமம் தராமல் நின்ற இடத்திலிருந்து ஷட்டில் போட்டுக் கொடுக்க, உங்கள் பழைய நண்பரையே அழைத்துப் பாருங்கள்.