ஆச்சி, மெழுகாதேங்கோ

அன்புள்ள ஐயா,

வணக்கம். மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இலங்கை மலேரியாவை ஒழித்தது பெரிய சாதனை என்று போன கிழமை விரிவுரையில் சொன்னார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே நோய் குறைந்துவிட்டதாம், இரு தரப்பும் ஒத்துழைத்தனவாம். என் அப்பா வன்னியில் இருந்தவர். பனடோல் தேடி அலைந்த கதையைத்தான் அவர் சொல்லுவார். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். இரண்டில் எது உண்மை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் உண்மைதான். அப்பா சொல்வதை விட்டுவிடாதீர்கள், விரிவுரையில் கேட்டதைப் பிரசாரம் என்று தள்ளவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு மருந்தடிக்க வந்தவர்களை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல்நாளே சொல்லிவிடுவார்கள். காலையில் பாய், பானை, அரிசிப் பெட்டி எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். நுளம்பு கொல்லும் மலத்தியன் மருந்தின் நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. சாமியறைக்குள் அடிக்க அம்மம்மா விடமாட்டார். அதைவிட மோசம், அவர்கள் போன மறுகிழமையே அந்த மண்சுவரைச் சாணம் போட்டு மெழுகிவிடுவார். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் வந்து குந்தும்போதுதான் மருந்து அதைக் கொல்ல வேண்டும். சாணத்துக்குக் கீழே மருந்து சும்மா கிடக்கும். அடுத்த முறை வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, கும்பிட்டுக் கேக்கிறன், மூண்டு மாசத்துக்கு மெழுகாதேங்கோ" என்றார். அம்மம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். பிறகும் மெழுகினார்.

1999-இல் நாட்டில் 264,000 பேருக்கு மேல் மலேரியா. பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும்தான். 2002-இல் போர்நிறுத்தம் வந்த பிறகு வேகமாகக் குறைந்தது. சண்டை மறுபடி மூண்டபோதும் பழையபடி ஏறவில்லை. 2007-இல் 200-க்கும் கீழே. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. நோயாளர் தொகை சில நூறாகச் சுருங்கிய பிறகும், காய்ச்சல் என்று வந்தவர்களின் விரலில் குத்தி ஆண்டுக்கு 10 இலட்சம் அளவில் இரத்த மாதிரிகளைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். சலிப்பூட்டும் வேலை. அதைச் செய்தவர்களுக்கு யாரும் மாலை போட்டதாகத் தெரியவில்லை.

சரி, மருந்தும் நுளம்பு வலையும் எப்படிப் போர்முனையைத் தாண்டிப் போயின? இரக்கத்தால் என்று நான் நினைக்கவில்லை. பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்கும் அதே காய்ச்சல், எதிரே கிடந்த போராளிக்கும் அதே காய்ச்சல். இரண்டு பக்கமும் தன் ஆளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மருந்தடிப்பவனை மறிக்காமல் விட்டதால் இருவருக்கும் இலாபம். 1990-களில் போலியோ சொட்டு மருந்துக்காகச் சண்டையை நிறுத்தி நாட்கள் ஒதுக்கியதும் நடந்ததுதான்.

2009-இல் அந்தக் கணக்கு செல்லாமல் போனது. காயம்பட்டவருக்கு வேண்டிய இரத்தப் பையும் மயக்க மருந்தும் எதிரிக்குப் போய்ச் சேரும் பொருளாகவே பார்க்கப்பட்டன. பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேல் திரும்பத் திரும்ப ஷெல் விழுந்தது. நோயாளரைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து செஞ்சிலுவைக்காரர் கடல்வழியாகத் திருகோணமலைக்கு ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிகள் எங்கே இருக்கின்றன என்று அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அவை தாக்கப்பட்டதாக 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. சனத்தை வெளியேற விடாமல் பிடித்து வைத்ததற்காகப் புலிகளையும் அந்த அறிக்கை சும்மா விடவில்லை. உங்கள் அப்பா பார்த்தது இதைத்தான். சான்றிதழைக் காட்டி யாராவது இதை மூடப் பார்த்தால் எழுந்து கேள்வி கேளுங்கள். பரீட்சையில் புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1963-இல் நாடு முழுவதும் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. முடிந்தது என்று கையைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அம்மம்மாவைப் பிடித்ததும் அந்தச் சுற்றுத்தான். 2016 கடைசியில் மன்னார்க் கிணறுகளில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி என்ற, நாட்டுக்குப் புதிய நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். நகரத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரக்கூடியது அது. ஆகவே வாட்டுக்குப் போகத் தொடங்கியதும், காய்ச்சலோடு வருகிறவரிடம் வெளிநாடு எங்கேயும் போய்வந்தாரா என்று கேளுங்கள். இப்போது இங்கே அகப்படும் மலேரியா அநேகமாக அப்படி வருவதுதான்.

அப்புறம், அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வீட்டுக்கு மருந்தடிக்க வந்தவர் யார், எந்த ஊர்க்காரர்?