தோற்கும் என்று கட்டிய பணம்

கே: ஒரே குதிரைப் பந்தயத்தில் லட்சம் பவுண்டுக்கு மேல் தோற்ற ஹேஸ்டிங்ஸ் பிரபு என்று ஒரு துணுக்கில் படித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த வாரன் ஹேஸ்டிங்ஸா அவர்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: இல்லை, அவருடைய வம்பு வழக்கெல்லாம் வேறு. இவர் ஹென்றி, நாலாவது ஹேஸ்டிங்ஸ் மார்க்விஸ் (மார்க்விஸ் என்பது ஒரு பிரபுப் பட்டம்). 1813 முதல் 1823 வரை கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து கூர்க்காக்களோடு போர் நடத்தினாரே, அந்த ஹேஸ்டிங்ஸின் பேரன். அப்பா போய், அண்ணனும் போய், எட்டு வயதிலேயே பட்டம் இவர் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. லெஸ்டர்ஷயரில் டோனிங்டன் அரண்மனை, ஸ்காட்லாந்தில் நிலம், தட்டிக் கேட்க ஆள் கிடையாது. ஜின்னில் பொரித்த கானாங்கெளுத்திதான் காலைப் பலகாரம் என்பார்கள். குவார்ன் என்ற நரிவேட்டைக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். வேட்டைக்கு எல்லாரும் வந்து காத்திருக்க, தலைவர் சாவகாசமாக வருவார்.

1864-ல் ஹென்றி சாப்ளின் என்ற இன்னொரு பணக்கார இளைஞருக்கும் ஃபுளோரன்ஸ் பேஜட் சீமாட்டிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணப்பெண் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு பெரிய துணிக்கடைக்குள் ஒரு வாசல் வழியாகப் போய், இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்து, நேரே சர்ச்சுக்குப் போய் ஹேஸ்டிங்ஸைக் கட்டிக்கொண்டார். சாப்ளின் சண்டைக்குப் போகவில்லை. குதிரை வாங்கினார்! அதில் ஒன்று, 1000 கினி (பவுண்டைவிடக் கொஞ்சம் அதிகம்) கொடுத்து வாங்கிய ஹெர்மிட்.

அந்தக் குதிரை ஜெயிக்காது என்று ஹேஸ்டிங்ஸ் வருகிறவனிடம் எல்லாம் பந்தயம் ஏற்றுக்கொண்டார். இங்கேதான் எனக்கு அந்த ஆள் புரிகிறார். பிடித்த குதிரைமேல் கட்டினால், அது தோற்கும்போது கட்டிய காசு மட்டும்தான் போகும். தோற்கும் என்று பந்தயம் ஏற்றவனோ, அது ஜெயித்துவிட்டால் எதிராளிக்குப் பல மடங்கு அழ வேண்டும். இத்தனைக்கும் அவருக்குக் குதிரைக் கணக்கு தெரியாதென்று சொல்ல முடியாது. முந்தின வருஷம்கூட லெக்சரர் என்ற குதிரையால் நிறையச் சம்பாதித்திருந்தார். ஹெர்மிட் விஷயத்தில் மட்டும் கணக்கு ஓடவில்லை, வீம்புதான் ஓடியது.

இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயமான டெர்பிக்கு, 1867-ல், சில நாள் முன்னால் ஹெர்மிட்டுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. அவ்வளவுதான் என்று எல்லாரும் கைவிட்டார்கள். 15 பவுண்டு கட்டினால் 1000 கிடைக்கும் என்கிற அளவுக்கு அதன் மதிப்பு இறங்கியது. மே 22, எப்சம். வசந்த காலத்தில் ஆலங்கட்டியும் பனியும். திரும்பத் திரும்பத் தப்பான புறப்பாடு. கடைசியில் ஜானி டேலி என்ற ஜாக்கி ஹெர்மிட்டை ஒரு கழுத்து வித்தியாசத்தில் முதலாவதாகக் கொண்டுவந்தார். ஹேஸ்டிங்ஸுக்குப் போனது சுமார் 1,20,000 பவுண்டு. அதில் 20,000 சாப்ளினுக்கே. தோற்றவர் முகத்தில் எதையும் காட்டாமல் போய் ஹெர்மிட்டைத் தட்டிக்கொடுத்தாராம். அப்புறம் பணம் கட்ட அவகாசம் கேட்டு சாப்ளினுக்கே எழுத, அவரும் சரி என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தன்னுடைய லேடி எலிசபெத் என்ற குதிரையை நம்பி அதே வருஷம் நியூமார்க்கெட்டில் மறுபடி தோற்றார். 1868 டெர்பியிலும் அதுவே காலை வாரியது. வட்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நவம்பரில் இறந்தபோது வயது 26. வாரிசு இல்லாததால் மார்க்விஸ் பட்டமும் அவரோடு முடிந்தது. டோனிங்டனில் இப்போது கார்ப் பந்தயம் நடக்கிறது. 1993-ல் மழையில் அயர்டன் சென்னா ஜெயித்தாரே, அதே இடம்தான்.

கே: இதே கதையை நானும் கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் என்ன ஆனார்கள்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

ப: ஹெர்மிட் பொலிகுதிரையாகி, குட்டிகள் ஜெயித்த பணத்தின் கணக்கில் 1880 முதல் ஏழு வருஷம் தொடர்ந்து இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்தது. சாப்ளின் வேளாண் துறைக்கு மந்திரியானார். ஃபுளோரன்ஸ் 1870-ல் மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை சர் ஜார்ஜ் செட்விண்ட். அவரும் ரேஸ்காரர்தான்.