அட்டாலியில் கிடந்த கடற்கன்னி – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் அப்பாரு வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். போன மாதம் அவருடைய பழைய சாளையை இடிக்கும் முன் அட்டாலியில் இருந்ததை எல்லாம் இறக்கினோம். துரை பங்களாவிலிருந்து வந்த காகிதக் கட்டு ஒன்றில் இரண்டு ஆங்கிலச் செய்திமடல்கள் இருந்தன. இரண்டும் 1983-ஆம் வருடத்தவை. தலைப்பில் ஒரு விலங்கின் படம்: கழுதை மாதிரி உடம்பு, காலில் வரிக்குதிரைக் கோடு. ஒன்றில், பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ஒரு தீவில் கடற்கன்னி போன்ற பிராணியை ஆய்வாளர்களே போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறது. படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. மீதி இதழ்களை எங்கே தேடுவது? பழைய பேப்பர் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

க., கோபி

அன்புள்ள க.,

கழுதையும் இல்லை, வரிக்குதிரையும் இல்லை, அது ஒகாபி. ஒட்டகச்சிவிங்கிக்குப் பங்காளி முறை. காங்கோ காட்டுக்காரர்கள் காலங்காலமாகப் பார்த்துவந்த பிராணிதான். ஐரோப்பியர்கள் அதற்கு அறிவியல் பெயர் வைக்க 1901 ஆகிவிட்டது. ‘ஊர்க்காரன் சொன்னது கடைசியில் உண்மையாகப் போயிற்று பார்’ என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதனால்தான் உங்கள் மடலை வெளியிட்ட இண்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் கிரிப்டோஜுவாலஜி அதையே முத்திரையாக வைத்துக்கொண்டது. ஊரில் பேச்சாக இருந்து, அறிவியல் இன்னும் ஒப்புக்கொள்ளாத விலங்குகளைத் தேடுவதுதான் கிரிப்டோஜுவாலஜி. 1982-இல் வாஷிங்டனில் தொடங்கிய கழகம் அது. தலைவர் பெர்னார்ட் யூவல்மான்ஸ். செயலாளர் ரிச்சர்ட் கிரீன்வெல், செய்திமடலைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பணம் இல்லாமல் கழகம் படுத்துவிட்டது.

சரி, தேடும் விஷயம். பிராணியின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ‘கடற்கன்னி’ என்று போட்டால் குப்பைதான் கொட்டும். கழகத்தின் பெயர், கிரீன்வெல்லின் பெயர், வருடம், இந்த மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். இந்த மாதிரி மடல்கள் எல்லாம் ஓரிரு ஆட்களின் கைவேலை. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் பிராணிக்கென்றே ரிப் ஹெப்பிள் என்ற ஒருவர் 1974-இல் ஒரு மடலைத் தொடங்கிப் பல வருடம் தனியாளாக நடத்தினார். ஆளைப் பிடித்தால் மடல் கிடைக்கும்.

ஸ்வீடனில் நோர்ஷாப்பிங் என்ற ஊரில் ஏஎஃப்யூ என்றொரு ஆவணக்காப்பகம் இருக்கிறது. பறக்கும் தட்டுக் கோஷ்டிகள் 1973-இல் ஆரம்பித்தது. உலகம் முழுக்க வந்த இப்படிப்பட்ட மடல்களை வாங்கி, நிறையவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம். யூவல்மான்ஸின் சொந்தச் சேகரிப்பு ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரில் இருக்கும் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விற்கிறவர்களிடம் தனி இதழாக வாங்குவது கடைசி வழி. நான் ஒருமுறை அப்படிப் பணம் அனுப்பி, வந்ததைப் பிரித்தால் சாய்வாக எடுத்த ஜெராக்ஸ். ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

ஆனால் எந்த இதழை முதலில் தேடுவது என்பதில் நான் சொல்வதைக் கேளுங்கள். 1985.

உங்கள் இதழில் இருக்கும் கடற்கன்னிக்கு நியூ அயர்லாந்து தீவுக்காரர்கள் வைத்த பெயர் ‘ரி’. ராய் வாக்னர் என்ற மானுடவியலாளர் அங்கே தங்கியிருந்தபோது கேள்விப்பட்டு எழுத, 1983-இல் கிரீன்வெல்லும் அவரும் ஆட்களோடு போனார்கள். கடலில் ஏதோ ஒன்று மேலே வந்து முதுகைக் காட்டி, முங்கி, பத்து நிமிடம் கழித்து மறுபடி வந்தது. என்னவென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. உங்கள் கையில் இருப்பது இதுவரைக்கும்தான். 1985-இல் இன்னொரு குழு முக்குளிப்பவர்களோடு போய்த் தண்ணீருக்குள்ளேயே படம் எடுத்தது. ரி என்பது கடல்பசு. நம் பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்பார்களே, அதேதான். தொண்டிக்காரர் ஒருவரை அந்தப் படகில் ஏற்றியிருந்தால் 1983-லேயே சோலி முடிந்திருக்கும்.

நான் மெச்சுவது, இதையும் அந்தச் செய்திமடலே போட்டது. கடற்கன்னி என்று எழுதிய அதே பக்கங்களில் கடல்பசு என்றும் எழுதினார்கள். எல்லோருக்கும் அந்த மனசு வராது. நெஸ் ஏரியில் நீண்ட கழுத்தோடு எடுத்த அந்தப் பிரபலமான படம் 1934-இல் நாளிதழில் வந்தது. பொம்மை நீர்மூழ்கிமேல் தலை ஒட்டி எடுத்தது என்று ஊருக்கெல்லாம் தெரிய 1994 ஆயிற்று, முழுசாக அறுபது வருடம்.

நமக்கு இது புதிதா என்ன? மாவட்டப் பக்கத்தைப் பிரித்தால் ‘மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி’. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று ஊர்தான் மாறும். தாராபுரம் பக்கம் என் மாமாவின் பட்டியில் ஒருநாள் ஆறு ஆடுகள் போயின. நான் போனபோது படல் ஓரமாக வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒன்றின் வாயில் இன்னும் சோளத்தட்டு இருந்தது. ஈரமண்ணில் கிடைத்த ஒரே நல்ல தடத்தின்மேல் அத்தை ஈயச்சட்டியைக் கவிழ்த்து, கோழி தள்ளிவிடாமல் இருக்கக் கல்லும் வைத்திருந்தார். சிறுத்தை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கழுதைப்புலி என்று ஒருவர். வனத்துறைக்காரர் மத்தியானம் வந்து, சட்டியைத் தூக்கிக் குத்தவைத்து உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் விரலுக்கு முன்னால் இருந்த சின்னச் சின்னக் குழிகளைத் தொட்டுக் காட்டினார். “நகம் பதிஞ்சிருக்குது பாருங்க. சிறுத்தை நடக்கறப்ப நகத்தை உள்ள இழுத்துக்கும். இது நாயிங்க.” மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நாய் என்பதில் ஒரு கௌரவமும் இல்லை.

மறுநாள் பேப்பரில் மர்ம விலங்குதான் வந்தது. அதற்கு அடுத்த நாளும். நாய் என்று எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அந்தத் துணுக்கை வெட்டி டைரியில் ஒட்டி, கீழே ‘நாய்’ என்று நானே பேனாவால் எழுதிவைத்தேன்.

நம் மலைகளைப் பற்றிய பழைய குறிப்புகள் வேண்டுமென்றால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழைப் பாருங்கள். 1886-லிருந்து வருகிறது. பழைய தொகுதிகள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசம். கடைசிப் பக்கங்களில் தோட்டத் துரைமார்களும் காட்டிலாகா அதிகாரிகளும் எழுதிய சில்லறைக் குறிப்புகள் இருக்கும். நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

உங்கள் இரண்டு இதழ்களுக்கும் செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. துருப்பிடித்த பின் இருந்தால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, நிழலில் வெளிச்சம் உள்ள இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். முகவரிச் சீட்டோ தபால் முத்திரையோ இருந்தால் அதையும் எடுங்கள். வால்பாறையில் இதற்குச் சந்தா கட்டிய துரை யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தக் கட்டை முழுக்கப் பிரித்துப் பார்த்தீர்களா? எஸ்டேட் காகிதத்தில் பாதி, பலசரக்குச் சாமானுக்கு அடியில் விரிக்கப் போயிருக்கும். இருக்கிற டிரங்குப் பெட்டி, டப்பா எல்லாவற்றின் அடியிலும் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.

அன்புடன்.