திறந்தே கிடக்கும் கோப்பில் புதியது ஏன் தெரிவதில்லை?

கேள்வி: வலையமைப்பு வழியாகச் சர்வரிலுள்ள கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். (NFS) முறையில், ஒரே பகிர்வை இரண்டு லினக்ஸ் கணினிகளில் மவுண்ட் செய்து (இணைத்து) வைத்திருக்கிறேன். ஒன்றில் ஓடும் நிரல் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. மற்றதில் அதே கோப்பைத் திறந்து வைத்துப் படிக்கும் நிரலுக்குச் சில சமயம் பழைய தகவலே கிடைக்கிறது. கோப்பு விவரங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும் ‘நோஏசி’ (noac) விருப்பத்தைச் சேர்த்து மவுண்ட் செய்தால் சரியாகுமா?

பதில்: தாமதம் குறையும், ஆனால் சிக்கல் தீராது. எழுதும் நிரல் கோப்பை மூடும்போது நிலுவையிலுள்ள தரவு முழுவதும் சர்வருக்குப் போய்ச் சேரும் என்பதும், அதன்பின் வேறொரு கணினி அதைத் திறக்கும்போது கோப்பு மாறியிருக்கிறதா என்று சர்வரிடம் கேட்டு, மாறியிருந்தால் தன் கேஷை (தன்னிடம் தற்காலிகமாக வைத்திருக்கும் நகலை) கைவிடும் என்பதும்தான் என்.எஃப்.எஸ். தரும் உறுதி. இடைப்பட்ட நேரத்துக்கு எந்த உறுதியும் கிடையாது. திறந்தே இருக்கும் கோப்பின் அளவு, மாறிய நேரம் ஆகியவற்றை லினக்ஸ் இயல்பாக 3 முதல் 60 வினாடி வரை மீண்டும் கேட்காமலே நம்பிக்கொண்டிருக்கும். உங்கள் நிரல் கோப்பை மூடுவதே இல்லை என்பதால் பழையதையே படிக்கிறது.

‘நோஏசி’ இந்த நம்பிக்கையை நீக்குவதோடு நிரல் எழுதும் ஒவ்வொரு முறையும் தரவைச் சர்வர் வரை போய் வரச் செய்வதால் வேகம் வெகுவாகக் குறையும். அப்போதும் பாதி எழுதிய பதிவைப் படித்துவிடும் ஆபத்து அப்படியே இருக்கும்.

நான் பரிந்துரைப்பது பூட்டு, அதாவது ஒரு நிரல் கோப்பைப் பயன்படுத்தும்போது மற்றதைக் காத்திருக்கச் செய்யும் ஏற்பாடு. இரு நிரல்களும் ‘எஃப்சிஎன்டிஎல்’ (fcntl) என்ற கணினி அழைப்பு வழியாகப் பூட்டினால், பூட்டைப் பெறும்போது கிளையன்ட் (பகிர்வை மவுண்ட் செய்த கணினி) தன் கேஷைச் சரிபார்த்துக்கொள்ளும். விடுவதற்கு முன் எழுதியதைச் சர்வருக்கு அனுப்பிவிடும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பூட்டைக் கேட்காமல் நேரே படிக்கும் நிரலை இந்தப் பூட்டு தடுக்காது. அதைவிட, பலரைச் சிக்க வைப்பது இது: நீங்கள் பூட்டி வைத்திருக்கும் அதே கோப்பை, உங்கள் நிரல் பயன்படுத்தும் ஏதோவொரு நிரல் நூலகம் (லைப்ரரி) தனியாகத் திறந்து மூடினால், அந்த ஒரு மூடலிலேயே உங்கள் பூட்டுகள் அனைத்தும் சத்தமில்லாமல் போய்விடும்.

முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றுவதானால் பூட்டே வேண்டாம். அதே அடைவில் வேறு பெயரில் எழுதி மூடி, பிறகு பெயர் மாற்றுங்கள். படிக்கும் நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கட்டும். இரு கணினிகளிலிருந்து ஒரே பதிவுக் கோப்பின் இறுதியில் சேர்ப்பதை மட்டும் பூட்டில்லாமல் செய்யாதீர்கள். கோப்பு எங்கே முடிகிறது என்பதைக் கிளையன்டே கணக்கிடுவதால் ஒருவர் வரியின் மேல் மற்றவர் வரி எழுதப்பட்டுவிடலாம்.